எட்டு அளவு ஜாக்கெட்டும் ஒரு டேப்பும்

எங்கள் செராமிக் யூனிட்டில் பகல் முழுக்க எல்லோரும் ஒரே நிறம். களிமண் பொடியும் பிளாஸ்டர் தூளும் புருவத்திலிருந்து செருப்பு வார் வரை ஏறி உட்கார்ந்து, சூளையில் அடுக்குகிறவரையும் மேஜையில் எழுதுகிறவரையும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி ஆக்கிவிடும். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சங்கு ஊதின பிறகுதான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியவரும். பெண்கள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு, ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் தகரம் அடித்த தடுப்புக்குள் போய் உடை மாற்றிக்கொண்டு வருவார்கள். கடைசியாக வருவது அன்புக்கரசி அக்கா.

வெள்ளைத் தாளில் யாரோ மைப்புட்டியைத் தட்டிவிட்ட மாதிரி இருக்கும். ஒரு நாள் கிளிப்பச்சைக் குர்த்தாவும் ஆரஞ்சுத் துப்பட்டாவும். ஒரு நாள் நீலச் சேலையில் தாம்பாளம் தாம்பாளமாக மஞ்சள் பூ. தோள்பட்டையில் பஃப் வைத்த கை, காதில் எங்கள் சூளையிலேயே சுட்டு அவரே நிறம் கொடுத்த ஜிமிக்கி, காலில் வெள்ளை ஷூ. அங்கிருந்து கேட் வரை நாற்பது அடி இருக்கும். அந்த நாற்பது அடியை அவர் அவசரமாக நடந்து நான் பார்த்ததில்லை.

எடை நூற்று நான்கு கிலோ. இது நான் மறைந்திருந்து கண்டுபிடித்த ரகசியம் அல்ல. டிஸ்பேட்ச் தராசில் அவரே ஒருநாள் ஏறி நின்று, "எழுதிக்கப்பா, பார்சல் ரெடி" என்று சொன்ன எண். டிஸ்பேட்ச் நோட்டு எழுதுவது என் வேலை. நான் எழுதவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். "இதுக்கு ஏன்யா நீ வெக்கப்படற, எடை என்னோடது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எங்கள் விருத்தாசலத்தில் உடம்பு கொண்ட பெண்களுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. யார் இயற்றினார்கள் என்று தெரியாது, ஆனால் பேருந்து நிலையத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர் வரை அத்துபடி. கருநீலம், மெரூன், காப்பிப்பொடி நிறம் உடுத்தலாம். பூ போட்ட துணி என்றால் பூ மிளகு அளவைத் தாண்டக் கூடாது. குறுக்குக் கோடு பெருங்குற்றம். குரூப் போட்டோவில் பின்வரிசை. சிரிக்கலாம், ஆனால் நாம் கேலி செய்யும்போது மட்டும். இந்தச் சட்டத்தை மீறுகிறவர்களைத் தண்டிக்கக் காவல்துறை தேவையில்லை. சொந்தக்காரர்கள் போதும்.

ஒருமுறை கடைவீதியில் நான் சட்டை எடுக்கப் போயிருந்தபோது அக்கா பக்கத்துக் கவுன்ட்டரில் நின்றுகொண்டிருந்தார். விற்பனைக்கு நின்றவர் கருநீலமாக எடுத்து எடுத்துப் போட்டார். 

"உங்களுக்கு டார்க்குதான்க்கா எடுக்கும். உடம்பு கம்மியாத் தெரியும்."

"கம்மியாத் தெரிஞ்சு?"

"இல்லக்கா... பாக்க நல்லாருக்கும்."

"இத பாருப்பா, நூத்திநாலு கிலோவ நான் சோறு போட்டு வளத்துருக்கேன். அத எவன் கண்ணுக்கும் தெரியாம மறைச்சு வச்சிக்கிட்டு என்னா பண்ணப் போறேன்? மேல்தட்டுல இருக்குதே மஞ்சா, அத எடு."

"அது உங்க சைஸு வராதுக்கா. உங்களுக்குன்னா ஃப்ரீ சைஸு நைட்டி இருக்குது."

அக்கா அந்த நைட்டியை விரித்துப் பார்த்தார். ஒரு மூட்டைக்குக் கழுத்து வெட்டினால் எப்படியோ அப்படி இருந்தது. இன்னொரு சட்டையின் கழுத்துப்பட்டியில் வரிசையாக நாலு எக்ஸ். "கணக்குப் பரீட்சையில நாலு கேள்விக்கும் தப்பு போட்ட மாதிரியில்ல இருக்குது" என்றார். அன்றைக்கு அவர் துணியாக நான்கு மீட்டர் மஞ்சள் வாங்கிக்கொண்டு போனார். நான் சாம்பல் நிறத்தில் ஒரு சட்டை வாங்கினேன். எனக்கு உடம்பே கிடையாது, ஆனாலும் மறைத்துக்கொண்டேன்.

அவருடைய கணவர் திருமால் ஸ்ரீமுஷ்ணம் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நிற்கிற கூட்டத்துக்கு நடுவே வழி கேட்காமலேயே நுழைந்து வந்துவிடக்கூடிய உடம்பு. இருவரும் சேர்ந்து போகும்போது ஊர் சிரிக்கும். "என்னா திருமாலு, சேலை மடிப்புல எங்கனா சிக்கிக்கப் போற" என்று ஒருவர் டீக்கடையில் சொன்னதற்கு, "சிக்கினா நிழலா இருக்கும்ணே, வெளிய வெயிலு" என்று அவர் பதில் சொன்னதாகக் கேள்வி. வேலை விஷயத்தில் வாய் கொஞ்சம் கம்மி. மனைவி விஷயத்தில் இல்லை.

யூனிட்டில் அக்காவுக்கு அச்சுப் பிரிவு. பொம்மைகளுக்கும் ஜாடிகளுக்கும் பிளாஸ்டரில் அச்சு எடுப்பது அவர் வேலை. களிமண் காய்ந்தால் சுருங்கும். சுட்டால் இன்னும் சுருங்கும். பத்து அங்குலப் பிள்ளையார் வேண்டுமென்றால் அச்சு பதினொன்றுக்கும் மேலே இருக்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லோரும் செய்கிற முதல் தப்பு, கேட்ட அளவுக்கே அச்சு எடுப்பது. சூளையிலிருந்து வரும்போது பிள்ளையார் சுண்டெலி சைஸில் இருப்பார். "இருக்கறத இருக்கறபடி அளந்துட்டு, அதுக்கு மேல இடம் விடணும். இடம் விடாத அச்சுலேருந்து எதுவும் ஒழுங்கா வெளிய வராது" என்பார் அக்கா. கைகள் உடம்போடு ஒட்டின பொம்மைக்கு ரெண்டு துண்டு அச்சு போதும். கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்கிற பொம்மை என்றால், அந்தக் கைக்கென்று தனி அச்சு எடுத்து ஒட்ட வேண்டும். அதனால்தான் விலை குறைந்த பொம்மைகள் எல்லாம் அட்டென்ஷனில் நிற்கின்றன.

இதையெல்லாம் சொல்லக் காரணம் அவருடைய தம்பி கல்யாணம்.

தம்பி மதிவாணனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அக்காவைவிட எட்டு வயது சின்னவர். இடுப்பில் அவரைத் தூக்கிக்கொண்டு திரிந்த நாளிலிருந்தே வீட்டில் எல்லோரும் அக்காவிடம் ஒன்றைச் சொல்லி வந்திருக்கிறார்கள்: "இவன் கல்யாணத்துல நீதான்டி முடிச்சுப் போடணும்." மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போடுவார். மிச்சம் ரெண்டு முடிச்சும் நாத்தனார் போட வேண்டும், அதாவது மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ. இது எங்கள் பக்கத்து வழக்கம். முப்பத்து மூன்று வருஷமாக அக்கா அந்த ரெண்டு முடிச்சைத் தன் விரலில் வைத்துக்கொண்டு இருந்தார். அச்சுப் பிரிவில் சணல் கயிற்றால் அச்சைக் கட்டும்போது, "என் தம்பி தாலிக்கு இப்படித்தான் போடுவேன், எவனும் அவுக்க முடியாது" என்று சொல்லாத வாரம் கிடையாது.

பெண் சேத்தியாத்தோப்பு. பெயர் வெண்பா. நிச்சயதார்த்தத்துக்கு அக்கா ராணி பிங்க் சேலையில், முழங்கை வரை நீண்ட பச்சைக் கையோடு போனார். வெண்பா அவர் காதில் ஏதோ கேட்டார், இருவரும் சிரித்தார்கள். நன்றாகத்தான் போனது. போட்டோ வந்த பிறகுதான் கெட்டது.

மதிவாணன் கல்யாணத்தை ஒரு ஈவென்ட்காரரிடம் ஒப்படைத்திருந்தார். அவருக்கு எங்கள் ஊர்க் கல்யாணங்களின் மேல் பெரிய வருத்தம். நிறம் நிறமாக இருக்கிறதாம். ஆகவே தீம். மேடையில் நிற்கிற பெண்கள் அத்தனை பேரும் ஒரே பீச் கலர் சேலை, ஒரே மாதிரி பாசி கோத்த ஆரி வொர்க் ஜாக்கெட். சாயம் போன ரோஜா நிறத்துக்குத்தான் பீச் என்று பெயர் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. அதோடு நிச்சயதார்த்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அவர் மதிவாணனிடம் சொன்னது: "சார், தாலி கட்டற ஷாட்டு க்ளோசப்பு. லைஃப் ஃபுல்லா நிக்கிற ஷாட்டு. பின்னாடி ஃப்ரேம் பூரா அக்காவா இருப்பாங்க. ஸ்லிம்மா வேற சிஸ்டர் யாராச்சும் இருக்காங்களா?"

இருந்தார். சித்தப்பா மகள் சண்முகப்ரியா. தினம் ஒரு ரீல்ஸ் போடுகிறவர். காமிராவுக்கு எந்தப் பக்கம் திரும்பினால் மெலிந்து தெரியும் என்பதில் கிட்டத்தட்ட டாக்டர் பட்டம். முறைக்கு அவரும் தங்கைதான்.

மதிவாணன் அந்த வருஷ மகளிர் தினத்துக்குத் தன் ஸ்டேட்டஸில், எல்லா உடலும் அழகே என்று இதயக்குறியோடு போட்டவர். ஆகவே அக்காவிடம் நேரில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அம்மாவிடம் போனில் சொன்னார். அம்மா சொர்ணாம்பாள் காப்பி டம்ளரோடு வந்து, டம்ளரைப் பார்த்தே சொன்னார். 

"அன்பு, ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. அந்த போட்டோக்காரன் என்னமோ சொல்றானாம். முடிச்ச நம்ம பிரியா போடட்டுமாம். நீ முன்னாடி சோபாவுல கவுரவமா உக்காந்துக்கயேன்."

"கவுரவமா?"

"டார்க்கா ஒரு பட்டு கட்டிக்க. அந்தப் பீச்சு உனக்கு வேணாம். இன்னும் எடுத்துக்காட்டும்."

"எத எடுத்துக்காட்டும்?"

அம்மா காப்பி ஆறிவிட்டதென்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அக்கா இதை யூனிட்டில் பிளாஸ்டர் கரைத்துக்கொண்டே சொன்னார். கரைசல் கெட்டியாகி வாளியிலேயே இறுகிவிட்டது. இருபது வருஷத்தில் அவர் கையில் ஒரு வாளி வீணானது அதுதான் முதல் தடவை. "திருமாலு கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது எழுதிக் கட்டிடுன்றாரு" என்றார். குறையைத் தாளில் எழுதிச் சாமி முன்னால் கட்டிவிட்டு வருவது எங்கள் ஊர் நீதிமன்றம். "என்னான்னு எழுதறது? என் தம்பி என்னை ஃப்ரேமுக்கு வெளிய தள்ளிட்டான்னா? சாமிக்கு ஃப்ரேம்னா என்னான்னு நானில்ல வெளக்கணும்."

சிரித்தார். ஆனால் இறுகிப்போன வாளியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே இருந்தார். கட்டி விழுந்த பிறகும் தட்டினார். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வழக்கம்போல டிஸ்பேட்ச் நோட்டில் தேதி எழுதினேன்.

அந்த வாரமே அக்கா மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டுச் சேலை எடுத்தார். கரை அரக்குச் சிவப்பு, ஒரு ஜாண் அகலம். சட்டப்படி அந்தச் சேலைக்கு ஆயுள் தண்டனை கொடுக்கலாம். ஜாக்கெட் துணியோடு சாதிகாவிடம் போனார். சாதிகா ஜங்ஷன் ரோட்டில் மாடியில் தையல் கடை வைத்திருப்பவர். வாயில் எப்போதும் ஒரு குண்டூசி இருக்கும், ஆகவே அளந்துதான் பேசுவார்.

எங்கள் ஊரில் பெண்கள் தையல் கடைக்கு உடம்பைக் கொண்டு போவதில்லை. அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்புவார்கள். நன்றாகப் பிடித்த பழைய ஜாக்கெட் ஒன்று, அதைப் பார்த்துப் புதியது தைக்க வேண்டும். டேப்பால் அளந்தால் எண் வெளியே தெரிந்துவிடும். ஜாக்கெட் வாய் திறக்காது. அன்புக்கரசி அக்கா மட்டும் பத்து வருஷமாகக் கடைக்கு நேரில் போய், ரெண்டு கையையும் விரித்து நின்று, "எடு சாதிகா. சத்தமாச் சொல்லு, எனக்கும் கேக்கட்டும்" என்பார்.

அன்றைக்கு அளவெடுத்து முடித்த சாதிகா குண்டூசியை எடுத்துவிட்டு, மூலையில் இருந்த ஒரு பையைக் காட்டினார்.

"உங்க வூட்டுக் கல்யாணத்துக்கு வந்ததுதான்க்கா. எட்டு அளவு ஜாக்கெட்டு. இத வச்சுத் துணில கோடு போட்டு நான் பெங்களூருக்கு அனுப்பணுமாம். அவங்க கோடு வரைக்கும் பாசி கோத்து அனுப்புவாங்க, அப்பறம் தையலு. நான் கேக்கறேன், எட்டு பேரும் ப்ளஸ் டூ படிக்கிற பொண்ணுங்களா?"

அக்கா பையைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் யாருடையது என்று அடையாளம் தெரிந்தது. ஒன்று, அறுபதைத் தொட்ட அத்தை தன் கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட். ஒன்றில் இன்னும் நாப்தலின் வாசனை. ஆகாய நீலத்தில் ஒன்று, சண்முகப்ரியாவின் நிச்சயதார்த்தத்தின்போது தைத்தது. ஒன்பது வருஷமும் ரெண்டு பிரசவமும் அந்த ஜாக்கெட்டுக்குத் தெரியாது.

"இவளுவ பீரோவுல தேடித் தேடி, இருக்கறதுலயே சின்னதா எடுத்துக் குடுத்துருக்காளுவ."

"தைக்கறப்ப நான் உள்ள ரெண்டு தையல் துணி விடுவேன், பிரிச்சுக்கலாம். இதுல முடியாதுக்கா. தையலு வரைக்கும் பாசி. பிரிக்க எடமே இல்ல."

நியாயமாகப் பார்த்தால் அக்கா பேசாமல் வீட்டுக்கு வந்திருக்கலாம். நானாக இருந்தால் வந்திருப்பேன், வழியில் கொஞ்சம் விசிலும் அடித்திருப்பேன். அக்கா சாதிகா கடையிலிருந்தே போன் போட்டார்.

"பிரியா, அந்த நீல ஜாக்கெட்டு பழசாச்சேடி. ஒரு எட்டு நேர்ல வந்து டேப்பு வச்சுக் குடுத்துட்டுப் போ."

"ஐயோ அக்கா, எனக்கு அப்பலேருந்து அதே அளவுதான். ஏறவே ஏறாது என் உடம்பு."

"கை தூக்கி முடிச்சுப் போடணும்டி. கைக்குழி புடிக்கும்."

சண்முகப்ரியா குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு, "உங்க வருத்தம் எனக்குப் புரியுதுக்கா. என்னைப் போடச் சொன்னது நான் இல்ல, அண்ணன்தான்."

அக்கா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "கோடு போடு சாதிகா" என்றார். "அவுங்க குடுத்த அளவுக்கே போடு."

கல்யாணம் ஊரிலேயே, ஒரு ஏசி மண்டபத்தில். முகூர்த்தம் காலை ஆறரையிலிருந்து ஏழரை. பாசி கோத்த துணி முந்தின நாள் காலையில்தான் பெங்களூரிலிருந்து வந்து, சாதிகா கூட ரெண்டு ஆள் வைத்துக்கொண்டு மதியம் முழுக்க உட்கார்ந்து தைத்து, மாலை வரவேற்பில் எட்டு பேரிடமும் பார்சல் போய்ச் சேர்ந்திருந்தது. வரவேற்புக்கு வேறு உடை; ஆகவே யாரும் போட்டுப் பார்க்கவில்லை. போட்டுப் பார்க்க என்ன இருக்கிறது, அதே அளவுதானே.

பெண்கள் அறையில் நடந்ததைச் சாதிகா சொல்லித்தான் தெரியும். கல்யாணத்துக்கு அழைத்திருந்தார்கள், ஐந்தரை மணிக்கு அவர் வாசலில் சந்தனம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே ரெண்டு பேர் வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள். உள்ளே எட்டு பீச் கலர் ஜாக்கெட்டுகள், எட்டு பெண்கள், ஒரு கொக்கிகூட மாட்டவில்லை. "மூச்ச உள்ள இழு." "இழுத்துட்டேன், இதுக்கு மேல உசுருதான் இருக்குது." "ஊக்கு குடு." "ஊக்கு எங்க குத்தறது, எல்லாம் பாசி!" அத்தை முதுகைச் சுவரில் சாய்த்து நின்றார்; பிறகு மேடைக்கு வந்தும் பின்சுவரை விட்டு முதுகை எடுக்கவில்லை. நாலு பேர் முந்தானையைத் தோளில் சுற்றிப் போர்த்திக்கொண்டார்கள். ஏசி குளிர் என்று காரணம் தயாராக இருந்தது. சண்முகப்ரியாவை மட்டும் மூன்று பேர் சேர்ந்து பூட்டிவிட்டார்கள். "கைய மட்டும் தூக்காதீங்க" என்றாராம் சாதிகா. நாத்தனார் வேலைக்கு வந்தவரிடம்.

மேடைக்கு அவர் வந்தபோது நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். ரெண்டு கையும் விலாவோடு ஒட்டியிருந்தன. முழங்கைக்குக் கீழேதான் உயிர் இருந்தது. எனக்கு எங்கள் பேக்கிங் ஷெட்டில் வைக்கோலுக்குள் படுத்திருக்கிற மலிவு விலைப் பொம்மைகள் ஞாபகத்துக்கு வந்தன.

அன்புக்கரசி அக்கா முன்வரிசை சோபாவில், கவுரவமாக. சாயம் போன அந்தக் கூட்டத்துக்கு எதிரே மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை, முழங்கை வரை கை, முதுகில் குஞ்சம் கட்டிய கயிறு. ஜாக்கெட் உடம்போடு சண்டையும் போடவில்லை, கெஞ்சவும் இல்லை. பக்கத்தில் திருமால் தோளில் புதுத் துண்டோடு. பின்னால் ரெண்டு பெண்கள் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. "இந்த உடம்புக்கு இந்தக் கலரு தேவையா?" "தெகிரியந்தான். எங்க எடுத்துருப்பா?" "கேளேன்." "நீ கேளு."

"கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

மதிவாணன் முதல் முடிச்சைப் போட்டார். ஈவென்ட்காரர் காமிராவோடு மேடையில் ஒரு முழங்காலில் இருந்தார். வெண்பா தலை குனிந்திருக்க, சண்முகப்ரியா பின்னால் வந்து கையைத் தூக்கினார். பாதி தூரம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. இன்னொரு தடவை தூக்கினார். கெட்டிமேளத்தின் சத்தத்தில் கிழிந்தது யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் பாசிகள் மேடையில் உருண்டு வந்து அக்கினிக்குப் பக்கத்தில் நின்றதை முதல் நாலு வரிசையும் பார்த்தது. சண்முகப்ரியா சட்டென்று ரெண்டு கையையும் விலாவில் அழுத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கை வேண்டுமே.

மதிவாணன் தாலிக்கயிற்றின் ரெண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, புரோகிராம் பாதியில் நின்றுபோன முகத்தோடு இருந்தார்.

"நாத்தனார் எங்கம்மா? முடிச்சுப் போடுங்கோ, முடிச்சு!" புரோகிதர் கத்தினார். தவில்காரருக்கு நிறுத்தலாமா கூடாதா என்று தெரியவில்லை, அடித்துக்கொண்டே இருந்தார். சுவரோடு இருந்த அத்தை அசையவில்லை. போர்த்திக்கொண்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழு பேரில் ஒருவராலும் தோளுக்கு மேல் கை கொண்டுபோக முடியாது.

தலை நிமிராமல் வெண்பா சொன்னார்: "அண்ணி எங்க இருக்காங்க? அவுங்கள வரச் சொல்லுங்க."

மண்டபமே மஞ்சள் பக்கம் திரும்பியது. அம்மா சொர்ணாம்பாள் மேடையிலிருந்து, "அன்பு! என்னடி பாத்துக்கிட்டு இருக்கற, வா!" என்றார். ஏதோ அக்காதான் மறந்துபோய் உட்கார்ந்துவிட்ட மாதிரி.

அக்கா எழுந்தார். மடிப்பை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார். யூனிட்டிலிருந்து கேட்டுக்குப் போகிற அதே நடை. எனக்கே பதறியது, தவில்காரர் மணிக்கட்டை நினைத்து. போகிற போக்கில் திருமாலின் தோளிலிருந்து துண்டை உருவிக்கொண்டார். மேடையேறி, முதலில் சண்முகப்ரியாவின் தோளைச் சுற்றி அந்தத் துண்டைப் போர்த்தி, முன்னால் ஒரு சொருகு சொருகிவிட்டார். "போயி உள்ள உக்காரு. மூச்சு விடு மொதல்ல."

"அக்கா, ஸாரிக்கா, அந்த போட்டோக்காரர்தான்..." என்றார் மதிவாணன்.

"கயித்த இறுக்கிப் புடிடா."

ரெண்டு கையையும் தூக்கினார். அந்த மஞ்சள் கை தூக்கின இடத்தில் ஒரு சுருக்கம், ஒரு இழுப்பு இல்லை. ரெண்டாவது முடிச்சு.

ஈவென்ட்காரர் லென்ஸுக்குப் பின்னாலிருந்து, "அக்கா, கொஞ்சம் சைடு வாங்க, ஃப்ரேம் பூரா..." என்றார்.

அக்கா திரும்பவில்லை. "தம்பி, முடிச்சு இங்கதான் இருக்குது. நீ ரெண்டடி பின்னாடி போ."

அவர் போனார். பின்னால் அட்சதைத் தட்டு இருந்தது, அதில் உட்கார்ந்தார். மூன்றாவது முடிச்சு. சணல் கயிற்றில் போடுகிற அதே முடிச்சு என்று எனக்குத் தெரியும். எவனும் அவிழ்க்க முடியாது. போட்டு முடித்ததும் அக்கா அதன் மேல் விரலை வைத்து ஒரு நிமிடம் அப்படியே நின்றார். அப்போது மட்டும் முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பார்த்துவிட்டேன்.

மறுநாள் மதிவாணன் அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் போட்டார். முக்கால்வாசி மஞ்சள், ஓரத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும். என் அக்கா, என் பெருமை என்று எழுதியிருந்தார். இருநூற்றுச் சொச்சம் இதயங்கள். ஈவென்ட்காரர் தன் பக்கத்தில் போட்டு, ஊர்க் கல்யாணங்களில் நிறம் எவ்வளவு முக்கியம் என்று நாலு வரி எழுதினார். எட்டு பெண்களும் ஒன்றாக முடிவெடுத்தார்கள்: சாதிகா தைத்துக் கெடுத்துவிட்டார். அடுத்த மாதம் ஒரு காதுகுத்துக்கு வேறு கடைக்கு ஜாக்கெட் கொடுத்தனுப்பினார்கள். அளவுக்கு அதே பழையதுகள்.

சண்முகப்ரியா மட்டும் ஒரு மத்தியானம், வெயிலில் ஜங்ஷன் ரோடு காலியாக இருக்கும் நேரம் பார்த்து, சாதிகா கடை மாடிப்படி ஏறியிருக்கிறார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு ரெண்டு கையையும் விரித்து நின்றிருக்கிறார். சாதிகா டேப்பை வைத்து எண்ணைச் சொன்னதும், "மெதுவாச் சொல்லுங்க" என்றாராம். பிறகு, "நோட்டுல ரெண்டு இன்ச்சு கொறைச்சு எழுதிக்குங்கக்கா. தைக்கறப்ப நீங்களே கூட்டிக்குங்க."

சாதிகாவுக்குக் குழப்பம். தொழிலில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. சாயங்காலம் எங்கள் யூனிட் கேட்டுக்கே வந்து அக்காவிடம் கேட்டார். அக்கா அன்றைக்குத் தக்காளிச் சிவப்பில், குறுக்குக் கோடு போட்ட குர்த்தாவில் இருந்தார். கொஞ்சம் யோசித்தார்.

"கொறைச்சே எழுதிக்க சாதிகா. பாவம், ஆசப்படுது. நோட்டுக்கு என்னா, அதுவா கையத் தூக்கப் போவுது?"